சுருட்டை முடியும் ஒரு பிரெஞ்சு மசோதாவும்

2024 மார்ச் 28 அன்று பாரிசில், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான அசாம்ப்ளே நசியோனாலில், ஒரு சிறிய மசோதா ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 44, எதிர்ப்பு 2. சபையின் மொத்த உறுப்பினர்கள் 577 பேர். ஆக அன்றைக்குப் பெரும்பாலான நாற்காலிகள் காலி. மசோதாவின் சாரம் இவ்வளவுதான்: ஒருவருடைய தலைமுடியின் வெட்டு, நிறம், நீளம், தன்மை இவற்றைக் காரணமாக வைத்து அவருக்குப் பாகுபாடு காட்டக்கூடாது. கொண்டுவந்தவர் குவாதலூப் தீவின் உறுப்பினர் ஒலிவியே செர்வா.

கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒரே சிரிப்பு. "மயிருக்கு ஒரு சட்டமா? வேறு வேலை இல்லையா அவனுங்களுக்கு?" என்றார் ஒருவர். ஓய்வு பெறும்வரை அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு சொல் சட்டத்துக்குள் நுழைகிறது என்றால் அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய எத்தனை வருஷத்து மனுக்கள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுக்கட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் சொற்கள். பிரெஞ்சில் தலைமுடியை மூன்றாகப் பிரிப்பார்கள். நேராக விழுவது லீஸ். வளையம் வளையமாக வருவது புக்லே. நெருக்கமாகச் சுருண்டு பஞ்சுபோல் நிற்பது கிரெப்பூ. இந்த மூன்றும் வெறும் வர்ணனை. ஆனால் குவாதலூப், மர்த்தினிக் தீவுகளின் கிரியோல் பேச்சில் நான்காவதாக ஒன்று உண்டு: 'மோவே ஷிவே', அதாவது கெட்ட முடி. சுருண்ட முடிக்குத்தான் அந்தப் பெயர். பிறந்த குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்து, நல்ல முடியா கெட்ட முடியா என்று பாட்டிமார்கள் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அங்கே இருந்தது. நம் ஊரில் குழந்தையின் காது மடலைப் பார்த்து "இது கறுக்கும்" என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் உள்ள உறவு புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1848-இல் பிரான்சு அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. நம் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. முப்பத்தைந்து வருஷத்துக்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். ஆப்பிரிக்க வம்சத்தாரும் நம்மவரும் கலந்து பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே தனிப் பெயரே ஏற்பட்டது. அவர்களை அடையாளம் சொல்லும்போதும் முடியைத்தான் முதலில் பார்த்தார்கள். கறுப்புத் தோலும் நேர்முடியும் இருந்தால் ஒரு படி மேலே. அதே தோல், சுருண்ட முடி என்றால் ஒரு படி கீழே. சாதி பார்க்க எங்கே போனாலும் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடுகிறது.

இந்த 'கெட்ட முடி' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவில் இருந்தபோது அது கெட்ட முடியாக இல்லை. மேற்கு ஆப்பிரிக்க மக்களிடையே தலைப்பின்னல் என்பது ஒருவகை முகவரி. இன்ன குலம், இன்ன வயது, கல்யாணம் ஆனவளா, துக்கத்தில் இருப்பவளா என்று பின்னலைப் பார்த்தே சொல்லலாம். நீண்ட பற்கள் உள்ள மரச்சீப்பு, எண்ணெய், பல மணி நேரப் பொறுமை, பின்னிவிட ஒரு உறவுக்காரி, எல்லாம் அங்கே இருந்தன. அடிமைக் கப்பலில் ஏற்றும்போது பலருக்குத் தலையை மழித்துவிட்டார்கள். இறங்கிய இடத்தில் சீப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, நேரமும் இல்லை. அமெரிக்கத் தோட்டங்களில் ஆட்டு மயிரைச் சிக்கெடுக்கும் கம்பிப் பல் பலகையால் தலை வாரிக்கொண்டார்கள். எண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும். வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் தலைக்கு. மற்ற ஆறு நாளும் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். வாராத அடர்ந்த முடி ஆறு நாளில் எப்படிச் சிக்கேறும் என்பது பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிக்கைப் பார்த்து எஜமானர்கள் 'கம்பளி' என்று பெயர் வைத்தார்கள். சீப்பைப் பிடுங்கிக்கொண்டு சிக்கைக் குறை சொன்ன கதை.

அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. 1786-இல் லூயிசியானா ஸ்பானியர் கையில் இருந்தது. ஆளுநர் எஸ்தேபான் மீரோ ஓர் ஆணை போட்டார். கலப்பினப் பெண்களும் கறுப்புப் பெண்களும் இறகு, நகை இவற்றைத் தலையில் சூடக்கூடாது, முடியைத் துணியால் கட்டி மூடவேண்டும் என்று. வெள்ளைக்காரச் சீமாட்டிகளைவிட அவர்கள் எடுப்பாகத் தெரிந்துவிட்டார்களாம். பெண்கள் என்ன செய்தார்கள்? கட்டளைப்படியே கட்டினார்கள். ஆனால் பளிச்சென்ற வண்ணத் துணியில், மடிப்பு மடிப்பாக, கிரீடம் போலக் கட்டினார்கள். பிரெஞ்சுத் தீவுகளிலும் அதே கதைதான். அங்கே கட்டிய கட்டம்போட்ட துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'. ஆமாம், நம் சோழமண்டலக் கரையில் நெய்து மதராஸ் வழியாகக் கப்பலேறிய அதே துணி. இன்றும் குவாதலூப்பில் அதுதான் விசேஷ உடை. முண்டாசின் மேலே ஒரு முனை நீட்டியிருந்தால் மனசு காலி, இரண்டு என்றால் நிச்சயமாகிவிட்டது, மூன்று என்றால் கல்யாணமானவள், நான்கு என்றால் ... கல்யாணமானாலும் இடம் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மெக்சிகோவில் இதுபோன்ற கைக்குட்டைக்குப் 'பாலியகாத்தே' என்று பெயர். நம் பழவேற்காடுதான் அப்படித் திரிந்தது.

இனி இரும்புச் சீப்பு. 1872-இல் பாரிசில் மார்செல் கிராத்தோ என்ற முடிதிருத்துபவர் சுட்ட இடுக்கியால் பெண்களின் நேர்முடியில் அலை அலையாக வளைவு ஏற்படுத்தினார். 'மார்செல் அலை' என்று ஐரோப்பா முழுவதும் பித்துப் பிடித்தது. நேர்முடிக்காரிகள் காசு கொடுத்து முடியை வளைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வளைந்த முடிக்காரிகள் அதே சூட்டால் முடியை நிமிர்த்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒன்று ஆசைக்கு, இன்னொன்று வேலைக்கு. இதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே ஆக்கியவர்களில் பெரிய பெயர் மேடம் சி.ஜே. வாக்கர். 1867-இல் லூயிசியானாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். சலவை வேலை செய்து பிழைத்தார். தலையில் நோய் கண்டு முடி கொட்டியது. ஆனி மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்மணி தயாரித்த மருந்தைத் தானும் தடவி, வீடு வீடாக விற்கவும் செய்தார். பிறகு சொந்தமாக ஒரு களிம்பு. அதில் முக்கியமானது கந்தகமும் வாசலினும். 1919-இல் இறக்கும்போது அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வப் பெண்மணிகளில் ஒருவர். சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவருக்கு முன்பே அது கடைகளில் விற்றது. முடியை நிமிர்த்துபவள் என்று தன்னை அழைப்பதையே அவர் விரும்பவில்லை. முடி வளர்ப்பதுதான் தன் தொழில் என்பார்.

சூட்டுச் சீப்பின் வேலை தண்ணீர் பட்டால் போய்விடும். மழையோ வியர்வையோ போதும், முடி பழையபடி சுருண்டுவிடும். நிரந்தரமாக நிமிர்த்த ரசாயனம் வந்தது. கிளீவ்லாந்தில் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த காரெட் மோர்கன், சுமார் 1909-இல், ஊசி சூடாகித் துணியைக் கருக்காமல் இருக்க ஒரு திரவம் தயாரித்தாராம். கையைத் துடைத்த கம்பளித் துணியில் இழைகள் நேராகிவிட்டன. பக்கத்து வீட்டு நாயின் மேல் பூசிப் பார்த்தார், அதுவும் நேராகிவிட்டது. பிறகு தன் தலையில் பூசிக்கொண்டார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் போக்குவரத்து சிக்னல் ஒன்றுக்கும் 1923-இல் காப்புரிமை வாங்கிய மனிதர் இவர். ஆக, நாய் எஜமானரை அடையாளம் கண்டுகொண்டதா என்று கேட்காதீர்கள்.

பெரிய வியாபாரம் அதற்குப் பிறகுதான். 1954-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் 250 டாலர் கடனில் கம்பெனி தொடங்கினார். தொழில் தொடங்க என்று கேட்டபோது கடன் இல்லை என்றார்களாம். விடுமுறைக்கு ஊர் சுற்ற என்று இன்னோர் இடத்தில் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். அரசாங்க விண்ணப்பங்களைப் பார்த்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

அந்த ரசாயனம் என்ன செய்கிறது? முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளுக்கு நடுவே கந்தகத்தால் ஆன பிணைப்புகள் ஏணிப்படி மாதிரி குறுக்கே கட்டியிருக்கும். முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. பழைய நிமிர்த்தும் களிம்புகளில் இருந்தது காஸ்டிக் சோடா. சாக்கடைக் குழாய் அடைப்பை எடுக்க ஊற்றுகிறோமே, அதே சரக்கு, அளவு குறைத்து. அது அந்தப் பிணைப்புகளை அறுத்து முடியை வளைய விடாமல் செய்துவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் மண்டைத் தோல் வெந்துபோகும். எரிய எரியப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரெஞ்சில் இதற்கு தெஃப்ரிசாஜ் என்று பெயர். அதே வினைச்சொல்லுக்குப் பேச்சுவழக்கில் 'எரிச்சலூட்டுதல்' என்றும் அர்த்தம் உண்டு. மொழிக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அறுத்த பிணைப்பு மீண்டும் சேராது. ஆனால் வேரிலிருந்து வரும் முடி பழையபடி சுருண்டுதான் வரும். மாசம் சுமார் ஒண்ணேகால் சென்டிமீட்டர் வளரும். ஆகவே ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வேருக்கு மறுபடி பூச வேண்டும், ஆயுசுக்கும். பாரிசில் ஷத்தோ தோ மெத்ரோ நிலையத்தில் இறங்கினால் ஸ்த்ராஸ்பூர் பெருந்தெரு நெடுக இந்தக் கடைகள்தான். அங்கிருந்து வடக்கே, கார் துய் நோரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் லா ஷப்பெல், நம் தமிழ்க் கடைகளும் பிள்ளையாரும். நடுவில் ஒரு கால்மணி நடை. இந்தத் தெருவில் முடியை நிமிர்த்துகிறார்கள், அந்தத் தெருவில் மல்லிகைப்பூ விற்கிறார்கள்.

1960-களில் அமெரிக்காவில் உரிமைப் போராட்டத்தோடு 'ஆப்ரோ' வந்தது. முடியை அதன் போக்கில் வளரவிடுவதே ஓர் அரசியல் பேச்சானது. பிறகு அலை ஓய்ந்து களிம்பு மறுபடி வந்தது. 2000-க்குப் பிறகு இரண்டாவது அலை. இம்முறை மேடையில் இல்லை, வீட்டுக் குளியலறையில். களிம்பை நிறுத்திவிட்டு இயற்கை முடிக்குத் திரும்புவது. 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 33,000-க்கும் அதிகமான பெண்களைச் சுமார் பதினொரு வருஷம் கவனித்துவிட்டு, நிமிர்த்தும் ரசாயனங்களை வருஷத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் கண்டதாகச் சொன்னது. பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் நூற்றுக்கு 1.64 பேர், அதிகம் பயன்படுத்தியவர்களில் 4.05. நோயின் காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. ஆனால் பல வீடுகளில் அந்தச் செய்தியோடு டப்பா குப்பைக்குப் போனது.

அப்படிப் போன டப்பாக்களில் ஒன்று என் தங்கை பேத்தியுடையது. தங்கை மகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறாள், மாப்பிள்ளை குவாதலூப்காரர். பேத்திக்கு நம் வீட்டு அடர்த்தியும் அவர்கள் வீட்டுச் சுருளும் சேர்ந்து வாய்த்தது. பத்து வயதிலிருந்து களிம்பு. இருபத்திநான்கு வயதில் நிறுத்தினாள். பதினான்கு மாசம் கழித்து இங்கே வந்தபோது அவள் தலையைப் பார்த்து என் மனைவி திகைத்துப்போனாள். வேரிலிருந்து ஒரு சாண் சுருட்டை, அதற்குக் கீழே நீட்டமாகத் துவண்ட பழைய முடி. இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து. பலவீனமான அந்தக் கோட்டில் சீப்பு பட்டால் பட்டென்று ஒடியும். போதாததற்கு சுருளும் நேரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிக்கு. "பேசாம திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுடலாமே, ஒரே நாள்ல முடிஞ்சது" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் பாரிசிலும் சிலர் அதைத்தான் செய்கிறார்கள். பழைய பாகத்தை ஒட்ட வெட்டிவிட்டு விரற்கடை முடியோடு நடமாடுகிறார்கள். பேத்திக்கு அது முடியாது. வேலைக்கு நேர்காணல் போய்க்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் ஏற்கெனவே, "முடியைக் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அவள் தாயே, "வேலை கிடைக்கிறவரைக்கும் களிம்பு போட்டுக்கோயேன்" என்று தினம் போனில் கெஞ்சினாள்.

ஆகவே மெதுவான வழி. அதை இரண்டு மாசம் என் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். என் மனைவி எடுத்து வந்த நெருக்கப் பல் சீப்பைப் பார்த்ததும் அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆயா, அது பேனுக்கு. எனக்கு வேணாம்." உலர்ந்த முடியைத் தொடவே மாட்டாள். தண்ணீரும் வழவழப்பான கண்டிஷனரும் போட்டு ஊறவிட்டு, தலையை ஆறு எட்டுப் பாகமாகப் பிரித்து முடிந்து, ஒரு பாகத்தை மட்டும் அவிழ்ப்பாள். முதலில் விரல். விரலுக்கு முடிச்சு எங்கே என்று தெரியும், சீப்புக்குத் தெரியாது. பிறகு அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே. மேலிருந்து கீழே இழுத்தால் சிக்கெல்லாம் இறங்கி ஒரே முடிச்சாகும். பழைய முடியும் புது முடியும் சேரும் இடத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே மட்டும் வாருவாள். முடிந்த பாகத்தை உடனே பின்னிவிடுவாள். ஒன்றரை மணி நேரம். மாசத்துக்கு ஒருமுறை நுனியில் கொஞ்சம் கத்தரி. ராத்திரி பட்டுத் துணி கட்டிக்கொண்டுதான் படுக்கை. பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிச் சிக்கையும் உண்டாக்கும். சீயக்காயை மட்டும் அவள் ஏற்கவில்லை, முடி வறண்டுவிடுகிறதாம். சுருண்ட முடியில் மண்டையின் எண்ணெய் நுனிவரை இறங்காது என்பதால் வறட்சிதான் அதன் முதல் சத்துரு.

விளக்கெண்ணெய் விஷயத்தில் ஆயாவும் பேத்தியும் ஒரு கட்சியானார்கள். குவாதலூப்பில் அதற்குக் 'கரப்பாத்' எண்ணெய் என்று பெயர். மாப்பிள்ளையின் அம்மா தலைக்கு வைப்பதும் அதுதான்.

மொட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. திருப்பதியில் காணிக்கையாக விழும் முடி ஏலம் போய், சுத்தம் செய்யப்பட்டு, கப்பலேறி, சவுரியாக அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் தலைக்குப் போகிறது. கிறிஸ் ராக் என்ற நகைச்சுவை நடிகர் 2009-இல் எடுத்த ஆவணப்படத்தில் இதற்காகவே இந்தியாவுக்கு வந்தார். நம்மவர் வேண்டாம் என்று விட்ட நேர்முடியை அவர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவதைப் பார்த்து அவர் சிரிக்கவும் செய்தார், யோசிக்கவும் செய்தார்.

இனி மசோதாவுக்கு வருவோம். எதிர்த்தவர்கள் சொன்னது, பிரெஞ்சுச் சட்டத்தில் 'உடல் தோற்றம்' என்ற காரணம் ஏற்கெனவே இருக்கிறதே, முடியும் தோற்றம்தானே, தனியாக எதற்கு என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஏர் பிரான்சு விமானத்தில் பணியாளராக இருந்த ஒரு கறுப்பினத்தவர் 2005 முதல் பின்னல் போட்டுக் கொண்டையாக முடிந்து வேலைக்கு வந்தார். விமானத்தில் ஏற விடவில்லை. வேலை செய்வதற்காகச் சில வருஷம் டோப்பா வைத்துக்கொண்டு பறந்தார். 2012-இல் தொழில் நீதிமன்றத்துக்குப் போனார். கீழே தோற்று, 2022 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றமான கூர் தெ கசாசியோனில் ஜெயித்தார். எதனால் ஜெயித்தார்? நிறுவனத்தின் விதிகளில் பெண்களுக்குப் பின்னல் உண்டு, ஆண்களுக்கு இல்லை. ஆகவே அது ஆண் பெண் பாகுபாடு என்றார்கள். அவருடைய முடியைப் பற்றித் தீர்ப்பில் பேச்சு எழவில்லை. பெண்களுக்கும் பின்னல் கூடாது என்று விதி இருந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். அமெரிக்காவில் 1981-இல் ஒரு விமான நிலையப் பெண் ஊழியர் பின்னலுக்காக வழக்குப் போட்டு அப்படித்தான் தோற்றார். பின்னல் பிறவியில் வந்ததல்ல, மாற்றிக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். 2019-இல் கலிபோர்னியா இதற்கென்றே தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

அட்டவணையில் தன் பெயரில் ஓர் இனம் இல்லாத மனு எந்த மேஜையிலும் நிற்காது. இது உங்கள் பிரிவு, அது எங்கள் பிரிவு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 'தன்மை' என்ற அந்த ஒரு சொல்லை செர்வா சேர்க்கச் சொன்னது அதற்குத்தான். கீழ்ச்சபை ஏற்றால் மட்டும் போதாது, செனட்டும் ஏற்க வேண்டும்.

பேத்தி ஊருக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த நேர்காணலுக்கு முடியைப் பின்னிக் கட்டிக்கொண்டு அப்படியே போவதாகச் சொல்லியிருக்கிறாள். போகும்போது இங்கே வாங்கிய இரண்டு பாட்டில் விளக்கெண்ணெயை மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று எடுத்துப்போனாள். கட்டம்போட்ட மதராஸ் துணியைப் பற்றித் தனியாக எழுத எண்ணம். பழைய துண்டு யார் வீட்டிலாவது பெட்டிக்கு அடியில் கிடந்தால் தெரிவியுங்கள், வந்து பார்க்கிறேன்.